ஒன்பதாவது பதில்

டுலூத், மினசோட்டா
18 ஜனவரி 1992

மேவிஸுக்கு,

நலம் விசாரிப்பைக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். முதலில் குற்றச்சாட்டுகள்.

1. 3 ஜனவரி 1992. சினிமாக்காரர்கள் படிக்கும் அந்த வார இதழின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், 'எனக்குப் பிடித்தவை' என்ற பகுதியில், உன் புகைப்படத்துக்குக் கீழே பத்துக் கேள்விகளும் பத்துப் பதில்களும் வெளியாகியுள்ளன. 'திரைக்கதை ஆசிரியர் மேவிஸ் க்விஸ்ட் மனம் திறக்கிறார்' என்று தலைப்பு. அங்கே திறந்து காட்டப்பட்டிருக்கும் மனம் உன்னுடையது அல்ல. உன் அண்ணனுடையது.

2. டிசம்பர் 1951. பிடித்த படம்: 'கலங்கரை விளக்கக் காவலனைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். ஏழு முறை பார்த்தேன்.' ஏழு முறையும் பார்த்தவன் நான். உனக்கு எட்டு வயது. ஏழில் ஆறு முறை, படம் தொடங்கிய கால் மணி நேரத்தில் என் கோட்டின்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாய்.

3. ஜனவரி 1954. பிடித்த இசை: 'பனிச்சறுக்குத் திடலில் எல்லோரும் போன பிறகு, பனியைப் பெருக்கும்போது ஒலிபெருக்கியில் கேட்ட அக்கார்டியன் வால்ட்ஸ் நடன இசை.' பெருக்கியவன் நான். நீ அந்த மூன்று வாரமும் பொன்னுக்கு வீங்கியோடு வீட்டில் கிடந்தாய்.

4. 26 நவம்பர் 1959, நன்றி நாள். பிடித்த உணவு: 'ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் பச்சை வெங்காயமும். தட்டில்லாமல், சமையலறைத் தொட்டிமுன் நின்றபடி.' அந்த நாளில் உறவினர் அனைவர் முன்னிலையிலும் நீ செய்த சபதம் எனக்கு நினைவிருக்கிறது. "என்னை மொறைச்சுப் பாக்குற எதையும் இனிமே திங்க மாட்டேன்." நம் தம்பி டேல், "அதுக்குக் கண்ணே இல்லையே" என்றான். "இருந்த இடம் பாக்குது" என்றாய்.

5. 1957 முதல் 1960 வரை, நான்கு கோடைகள். பிடித்த ஓசை: 'கப்பலின் வயிற்றில் இரும்புத் தாது கொட்டும் ஓசை.' துறைமுகத்தில் வேலை பார்த்தவன் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

6. 13 ஜனவரி 1992. நாடகத் துறையின் ராய்ஸ் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, எங்கள் உலோகவியல் துறையின் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். "ப்ரொபசர், இது உங்க தங்கச்சியா, இல்ல பாவாடை கட்டின நீங்களா?" என்று கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். நான் எட்டாவது பதில்வரை நின்று படித்தேன். ஒன்பதாவதைப் படித்தபின் அந்தப் பக்கத்தைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

7. ஒன்பதாவது கேள்வி: 'நீங்கள் சொன்னவற்றிலேயே உங்களுக்குப் பிடித்த பொய்?' அச்சாகியிருக்கும் பதில்: 'நான் அப்போது வீட்டில் இல்லை.' இந்தக் குற்றச்சாட்டுக்கு நான் தேதி போடப்போவதில்லை.

எழுத்து மூலம் விளக்கம் தேவை. தொலைபேசியில் அழைக்காதே. நான் எடுக்கமாட்டேன்.

நான் நலம். உன் அண்ணி கொரின் நலம். நீ நலமாக இருப்பதாகப் புகைப்படம் சொல்கிறது.

ஹார்லன்


லாஸ் ஏஞ்சலஸ்
25 ஜனவரி 1992

அன்புள்ள ஹார்லன்,

நலம்தான், இந்தக் கடிதம் வரும்வரை. கொரினின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்கப் பயமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, கடைசிவரை படி.

நான் ஒரு திரைக்கதையின் முதல் பக்கத்தை எழுதுவதற்கு முன், அதில் வரும் ஒவ்வொரு ஆளையும் உட்காரவைத்து ஒரு படிவம் நிரப்பச் சொல்வேன். பிடித்த படம், பாட்டு, சாப்பாடு, பொய், பயம் என்று பத்துக் கேள்விகள். அந்த ஆளாகவே மாறி, 'நான்', 'எனக்கு' என்றுதான் எழுதுவேன். பதில் வராத ஆளுக்குக் கதையில் இடம் கிடையாது. அந்தப் பத்துக் கேள்விகளையும் இருபது வருடங்களுக்கு முன் நான் சுட்டது எங்கிருந்து தெரியுமா? அதே வார இதழின் அதே பகுதியிலிருந்து.

போன மாதம் அவர்களே என்னிடம் வந்தார்கள். படிவம் மூன்று வாரம் என் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. எனக்குப் பிடித்தது என்ன என்று எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. நூறு பேருக்கு நிரப்பியிருக்கிறேன், என் பெயருக்குக் கீழே வெறும் காபி வட்டம். கெடு நெருங்கியதும் என் ஏஜெண்டின் அலுவலகத்தில் இருக்கும் ட்ரூடி என் கோப்புகளைத் திறந்து, கையில் கிடைத்ததை ஃபேக்ஸ் அனுப்பிவிட்டாள். அது என் புதிய படத்தின் நாயகனுடைய படிவம். தலையில் பெயர் எழுதாமல் விட்டது என் தவறு.

கத்தினேன். அவள் அசரவில்லை. "பத்துக் கேள்வி, பத்துப் பதில், எல்லாத்துலயும் 'நான், நான்'னு இருந்துது. நீங்க இல்லாம வேற யாரு மேடம் அந்த 'நான்'?"

அன்றே அந்தக் கோப்புகளை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஹார்லன்.

ஆம், அந்த நாயகன் நீதான். நல்லவன், கறாரானவன், ஊரே சிரித்தாலும் தன்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாதவன். எல்லோருக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. மே மாதம் டொராண்டோவில் படப்பிடிப்பு. உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். படம், வால்ட்ஸ், மீன், தாது எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவது குற்றச்சாட்டில் மட்டும் ஒரு திருத்தம்: கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒவ்வொரு முறையும் என்னை எழுப்பிவிடுவாய். அந்தப் படகுக் காட்சியை ஏழு முறையும் நானும் பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மேவிஸ்


டுலூத்
1 பிப்ரவரி 1992

மேவிஸுக்கு,

நலம். கொரினின் முழங்கால் பனியைப் பொறுத்தது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குற்றச்சாட்டுகள் ஏழு. நீ முதல் ஆறைப் பற்றி எழுதியிருக்கிறாய். படிவம், காபிக் கோப்பை, ட்ரூடி எல்லாம் வந்தன. ஏழாவது வரவில்லை. நீ தொழில்முறை எழுத்தாளர். எதை விடுகிறோம் என்று தெரியாமல் விடுபவள் அல்ல.

ஆகவே தெளிவாகக் கேட்கிறேன். அந்த வாக்கியம் உனக்கு எப்படிக் கிடைத்தது? அதை நான் கொரினிடம் சொன்னதில்லை. அம்மா நான்கு ஆண்டுகளுக்கு முன் இறக்கும்வரை அதை உண்மை என்றே நம்பினாள். உலகத்தில் அது பொய் என்று அறிந்தவர் ஒருவர்தான், அவர் இந்த மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்று, முப்பதாயிரம் பிரதிகள் அச்சாகும் இதழில் எப்படி வரும்? பத்தொன்பது இரவுகளாக இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அது திரைக்கதையிலும் இருக்கிறதா? இருந்தால் என்னவாக இருக்கிறது?

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஹார்லன்


லாஸ் ஏஞ்சலஸ்
8 பிப்ரவரி 1992

அன்புள்ள ஹார்லன்,

நலம். இங்கே மழை. டுலூத்காரர்களிடம் மழையைப் பற்றிப் புகார் சொல்லக்கூடாது என்று தெரியும்.

உன் கடிதம் என்னைக் கலங்கடித்துவிட்டது. நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. அது அத்தனை பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. திரைக்கதையில் அது ஒரு வேடிக்கைக் காட்சி. வீட்டில் போன் அடிக்கிறது. ஆள் நாற்காலியில் இருக்கிறான். எடுக்கவில்லை. மறுநாள் தங்கை கேட்கும்போது, "நான் வீட்டுல இல்லையே" என்கிறான். தயாரிப்பாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆமாம், எனக்கு ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை மனதில் இருந்தது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை. அது உனக்கும் எனக்கும் நடுவில் நடந்த அற்பமான ஒரு சங்கதி. அந்த வாரத்தில் நடந்த மற்றதற்கு முன்னால் அதை வாயில் எடுக்கவே எனக்குக் கூசியது. இப்போதும் கூசுகிறது. காட்சியை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். அதோடு விடு.

வியாழக்கிழமை பதின்மூன்றாம் தேதி. வழக்கம்போலப் போவாய் அல்லவா? என் பங்குக்கும் டேலின் கல்லறைமேல் இருக்கும் பனியைத் தட்டிவிடு.

அன்புடன்,
மேவிஸ்


டுலூத்
14 பிப்ரவரி 1992

மேவிஸுக்கு,

நேற்றுப் போனேன். பனியைத் தட்டினேன், உன் பங்குக்கும் சேர்த்து. உடல் நலத்துக்குக் குறைவில்லை.

எந்த ஞாயிறு என்று எழுத உனக்குக் கூசுகிறது. கூச வேண்டியவன் நான். எனவே நானே எழுதுகிறேன்.

13 பிப்ரவரி 1966. எனக்கு இருபத்தொன்பது வயது. இங்கே டுலூத்தில், லண்டன் சாலை வாடகை வீட்டில் இருந்தேன். பனிப்புயல். தொலைக்காட்சியில் நம் கலங்கரை விளக்கப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறை. காவலன் படகைத் தண்ணீருக்குள் தள்ளும் இடம் வந்தபோது தொலைபேசி அடித்தது. முடியப் பத்து நிமிடம் இருந்தது. யாராக இருந்தாலும் பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைப்பார்கள் என்று நினைத்தேன். எண்ணினேன். பதினொரு முறை அடித்து நின்றது. மறுபடி அடிக்கவில்லை.

டேலின் கார் ஏரிக்கரை நெடுஞ்சாலையில், நைஃப் ரிவர் ஊருக்கு இந்தப் பக்கம், பள்ளத்தில் சறுக்கி இறங்கியிருந்தது. மூடிக் கிடந்த மீன்கடையின் வாசலில் ஒரு பொதுத் தொலைபேசிக் கூண்டு. அங்கிருந்து அரை மைல் தள்ளி, ஊரை நோக்கி நடந்த நிலையில், மறுநாள் காலை அவன் கிடைத்தான். வலது கையுறைக்குள் ஒரு பத்து சென்ட் நாணயம். யாரும் எடுக்காவிட்டால் இயந்திரம் காசைத் திருப்பித் தரும். அவனுக்குத் தெரிந்தவர்களில் அந்தப் புயலில் ஓட்டிவரக் கூடிய கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

ஷெரிஃபின் ஆள் கேட்டார்: "அந்த நேரத்துல நீங்க வீட்டுல இருந்தீங்களா, சார்?"

"இல்ல. காலேஜ்ல இருந்தேன்."

அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா கேட்டாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "போன் ஏதும் வந்துச்சாப்பா?"

"நான் வீட்டுல இல்லம்மா."

ஒரு சினிமாவின் கடைசிப் பத்து நிமிடத்துக்காக. அதற்குத்தான் உன் தயாரிப்பாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உனக்கு எப்படித் தெரிந்ததோ தெரிந்திருக்கட்டும். இனி நான் மறைக்க ஒன்றும் இல்லை.

ஹார்லன்


லாஸ் ஏஞ்சலஸ்
19 பிப்ரவரி 1992

ஹார்லன்,

உட்கார்ந்து படி. கொரினைப் பக்கத்தில் இருக்கச் சொல்.

அந்தப் பதினொரு முறையும் அடித்தது நான்.

எழுத்து கோணல்மாணலாக வரும், பொறுத்துக்கொள். நான் அப்போது மினியாபொலிஸில் மாணவியர் விடுதியில் இருந்தேன். கீழ்த்தளக் கூடத்தில் ஒரு டிவி, மாடிப்படிக்கு அடியில் ஒரு போன். அதே படம் அங்கேயும் ஓடியது. கிறிஸ்துமஸ் சமயத்தில் நாம் சண்டை போட்டிருந்தோம், நினைவிருக்கிறதா? கலிஃபோர்னியா போகிறேன் என்றதற்கு, "பொய்யை வித்துப் பொழைக்கிற ஊருக்கா போற?" என்றாய். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. படகுக் காட்சி வந்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இப்போது கூப்பிட்டால் ஒன்றும் பேச வேண்டாம். கடைசி வசனத்தை இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிவிட்டுச் சிரித்தால் போதும், சண்டை தீர்ந்துவிடும்.

நானும் எண்ணினேன். பதினொன்று. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்: "விடுடி. வீட்டுல ஆள் இல்ல." "இருக்கான்" என்றேன். "எனக்குத் தெரியும். டிவி முன்னாடிதான் உக்காந்திருக்கான். நான்னு தெரிஞ்சுதான் எடுக்க மாட்டேங்குறான்."

மறுநாள் டேல் செய்தி வந்தது. அடக்கம் முடிந்து வந்ததும் நீ அம்மாவிடம் வீட்டில் இல்லை என்றது என் காதில் விழுந்தது. என் போனை எடுக்காததை மறைக்கத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். தம்பியைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அதைக் கேட்க முடியுமா? கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் உள்ளுக்குள் வைத்திருந்து, கடைசியில் ஒரு வேடிக்கைக் காட்சியாக்கி உன்னைப் பழிவாங்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. டேலுக்கும் அதற்கும் முடிச்சே இல்லை.

டேல் உன்னை அழைக்கவில்லை, ஹார்லன். நீ யாரையும் கைவிடவில்லை.

வெற்றுப் படிவத்தில் இன்று ஒரு பதில் மட்டும் எழுதினேன். பிடித்த ஓசை: ஆள் இருப்பதாக எனக்குத் தெரிந்த வீட்டில் போன் அடிப்பது. எத்தனை வருடமாக அதை வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஏதாவது சூடாகச் சாப்பிடு.

மேவிஸ்


டுலூத்
26 பிப்ரவரி 1992

அன்புள்ள மேவிஸ்,

நலம். இந்தச் சொல்லை முதன்முறையாகப் பொருள் தெரிந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சமையலறைத் தொட்டிமுன் நின்றபடி படித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்தேன். கொரின் வந்து பார்த்து, மாரடைப்பு என்று நினைத்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "இருபத்துநாலு வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு இதையா வச்சிருந்தே?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போன் அடிச்சா நீ ஏன் குனிஞ்சு ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டுறேன்னு இப்பத்தான் புரியுது" என்றாள். பிறகுதான் அழுதாள்.

எனக்கு உன்மேல் கோபம் வர வேண்டும். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி நீ அன்று கேட்டிருந்தால் போதும். ஆனால் நானும் கேட்கவில்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இருந்த இடம்தான் இருக்கிறது.

ஷெரிஃபின் அறிக்கையை இழுப்பறையிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். பனி அள்ளும் வண்டிக்காரர் ஒருவர் 4:20க்கு டேலைக் கூண்டுக்குள் பார்த்திருக்கிறார், ரிசீவர் காதில் இருந்தது. வீட்டாரைத்தான் கூப்பிடுகிறான், வந்து அழைத்துப்போவார்கள் என்று நினைத்து அவர் நிற்காமல் போய்விட்டார். இத்தனை ஆண்டுகளாகக் கடிகாரத்தில் 4:20 ஆனால் நான் அறையைவிட்டு எழுந்து போய்விடுவேன். நேற்று எழவில்லை. அவன் யாரை அழைத்தானோ, ஏதோ ஒரு நண்பனாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. என்னை அல்ல. இந்த இரண்டு சொற்களை நேற்று முழுவதும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் படத்தை எடு. நாயகனுக்கு என் மீனையும் வால்ட்ஸையும் கொடு. ஆட்சேபணை இல்லை.

உன் அண்ணன்,
ஹார்லன்


லாஸ் ஏஞ்சலஸ்
4 மார்ச் 1992

அன்புள்ள ஹார்லன்,

நலமா? எனக்கு லேசான காய்ச்சல். பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டு விவரம் மட்டும் வேண்டும். வண்டிக்காரர் சொன்ன 4:20 அவருடைய ஊகமா, எங்காவது எழுதிவைத்ததா? டுலூத்தில் அன்று படம் எத்தனை மணிக்கு முடிந்தது?

கொரினின் லேஸ் விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். அவளுக்கு என் அன்பு.

மேவிஸ்


டுலூத்
9 மார்ச் 1992

அன்புள்ள மேவிஸ்,

காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா? உங்கள் ஊரில் காய்ச்சலுக்கும் ஏஜெண்ட் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி.

நீ கேட்ட விவரங்கள்: 4:20 ஊகம் அல்ல. வண்டிக்காரர்கள் ஒவ்வொரு மைல் கல்லிலும் குறிப்பேட்டில் நேரம் எழுத வேண்டும். படம் சரியாக 4:30க்கு முடிந்தது. ஏரியின் வானிலை அறிக்கை தொடங்கியது எனக்கு நினைவிருக்கிறது. திரைக்கதைக்காகத்தானே கேட்கிறாய்? தேவையானதை எடுத்துக்கொள். வேடிக்கைக் காட்சியைக்கூட வைத்துக்கொள்.

பதினைந்து பவுண்டு இளைத்ததுபோல் இருக்கிறது. தராசு அப்படிச் சொல்லவில்லை.

ஹார்லன்


டுலூத்
10 ஏப்ரல் 1992

மேவிஸுக்கு,

மறுபடியும் குற்றச்சாட்டுகள். மறுபடியும் நலம் விசாரிப்பு கடைசியில்.

1. 9 மார்ச். என் கடிதத்துக்குப் பதில் இல்லை.

2. 22 மார்ச். நான் உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். நான். கொரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பதினொரு முறை அடித்தது. நீ எடுக்கவில்லை.

3. 27 மார்ச். டொராண்டோ படப்பிடிப்பை நீயே நிறுத்திவிட்டதாக, திரைக்கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக, ராய்ஸ் அதே வார இதழைக் காட்டினார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

4. 29 மார்ச். மீண்டும் அழைத்தேன். எங்கேஜ்ட். வேறு யாரோ அதே நேரத்தில் உன்னை அழைத்துக்கொண்டிருந்தார்கள். நீ அவர்களுக்கும் எடுக்கவில்லை, எனக்கும் வழி இல்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நீ ஏன் இரண்டே இரண்டு விவரம் கேட்டாய் என்று புரிந்தது.

5. 1 ஏப்ரல். ட்ரூடியிடம் பேசினேன். "வீட்டுலதான் இருக்காங்க, சார். ஆனா யார் கேட்டாலும் வீட்டுல இல்லன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க." அந்த வாக்கியத்தை என்னிடமிருந்து நீ இரண்டாம் முறையாக எடுத்திருக்கிறாய். இம்முறை அனுமதி தர மாட்டேன்.

உன் கணக்கு எனக்குத் தெரியும். படகுக் காட்சி 4:20. நீ அடித்தது 4:20. டேல் கூண்டுக்குள் இருந்தது 4:20. என் வீட்டுக்கு இருந்தது ஒரே தொலைபேசிக் கம்பி, அதில் நீ இருந்தாய். அவனுக்குக் கேட்டது எங்கேஜ்ட் ஒலி. காத்திருக்காமல் ஊரை நோக்கி நடந்துவிட்டான். ஆள் எடுக்காவிட்டால் இயந்திரம் காசைத் திருப்பித் தரும் என்று உனக்கு எழுதினேன். கம்பி வேறொருவரிடம் இருந்தாலும் திருப்பித் தரும். அந்த நாணயம் இருபத்தாறு ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது. உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிப்பது என் தொழில். இதை நான் பார்க்கவில்லை. மகிழ்ச்சியில் துள்ளிக்கொண்டு, உனக்கு எதிரான சாட்சியத்தை நானே நிமிடக் கணக்கோடு அஞ்சலில் சேர்த்தேன்.

எனக்கு வந்த அதிர்ச்சியைப் பற்றி எழுதப்போவதில்லை. உன் கணக்கில் உள்ள பிழையைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு கம்பி அடைபட இரண்டு பேர் வேண்டும். நீ பதினொரு முறை அடித்தாய். நான் பதினொரு முறை எடுக்கவில்லை. முதல் மணியில் எடுத்து, "படம் பாக்குறேன், வை" என்று திட்டியிருந்தால்கூட இரண்டாம் மணிக்குள் கம்பி டேலுக்குக் கிடைத்திருக்கும். நீ மூன்றாம் மணியில் வைத்திருந்தாலும் கிடைத்திருக்கும். நீ ஏன் வைக்கவில்லை? நான் வீட்டில் இருக்கிறேன் என்று தெரியும், என்னோடு சமாதானமாக வேண்டும் என்று இருந்தது. நான் ஏன் எடுக்கவில்லை? உன்னை ஏழு முறை எழுப்பிக் காட்டிய காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே இருட்டுக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தோம். நடுவில் நூற்றைம்பது மைல் இருந்தது, அவ்வளவே. தம்பி வெளியே நிற்கிறான் என்று இருவருக்கும் தெரியாது.

இதை நீ தனியாகத் தூக்கிக்கொண்டு போக நான் விடமாட்டேன். உனக்குப் பழக்கமில்லை. நான் இருபத்தாறு ஆண்டுகள் தூக்கினேன். எங்கே பிடித்தால் கை வெட்டும், எந்த மாதத்தில் கனக்கும் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு மாதத்திலேயே தொழிலை விட்டுவிட்டாய், போனை விட்டுவிட்டாய். முழுவதும் என்னுடையது என்று நான் நினைத்தது தவறு. முழுவதும் உன்னுடையது என்று நீ நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. பாதி என்னுடையது. அதைத் திருப்பி அனுப்பு.

இத்துடன் ஒரு படிவம் இணைத்துள்ளேன். கேள்விகள் அதே பத்து. தட்டச்சு செய்தது கொரின். தலையில் உன் பெயரை நானே எழுதிவிட்டேன், ட்ரூடிக்குக் குழப்பம் வேண்டாம். 'பிடித்த ஓசை'யை நீ ஏற்கெனவே எழுதியிருந்தாய். அதை மாற்ற உனக்கு உரிமை இல்லை. ஒன்பதாவது பதிலை உனக்கும் எனக்கும் சேர்த்து நான் நிரப்பியிருக்கிறேன். பிடித்த பொய்: 'என்னால் மட்டும்தான்.'

மீதி எட்டும் உன்னுடையவை. படம், இசை, உணவு, எதுவானாலும் சரி, உன்னுடையதாக இருக்க வேண்டும். மீன் என்று எழுதினால் நிராகரிக்கப்படும்.

காய்ச்சல் விட்டதா? கொரின் கேட்கிறாள். நானும் கேட்கிறேன். தொலைபேசியில் அழைக்காதே என்று ஜனவரியில் எழுதியதை இதன்மூலம் ரத்து செய்கிறேன். அழைத்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். லேஸ் இல்லாத ஷூ வாங்கிவிட்டேன். ஆனால் படிவத்துக்கு அது ஈடாகாது.

பூர்த்தி செய்த படிவம், எழுத்து மூலமான உன் பதிலுடன், 30 ஏப்ரல் 1992, வியாழக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மே மாதம் முதல் தேதி காலை விமானத்தில் நான் புறப்படுகிறேன். வந்து கதவைத் தட்டுவேன். நீ வீட்டில் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.

ஹார்லன்